வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் ஒரே ரிவால்வர்: பெரிய கேலிபரில் எதை வாங்குவது?

சில ஆண்டுகளாக .357 மேக்னத்தில் காகித இலக்குகளைச் சுட்டுப் பழகியிருக்கிறீர்கள். இனி மான், காட்டுப்பன்றி வேட்டைக்கும், 50 முதல் 100 கெஜம் வரையிலான இலக்குப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய கேலிபர் (தடித்த குண்டைச் சுடும்) ரிவால்வர் வாங்க விரும்புகிறீர்கள். .44 மேக்னம், .454 கசூல், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் .44 மேக்னம், அதுவும் எடை மிகுந்த, ஏழரை அங்குலக் குழல் கொண்ட, பார்வைக்குறியைத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்று. மற்ற இரண்டும் மோசமானவை என்பதால் இதைச் சொல்லவில்லை. வேட்டையில் விலங்கை விரைவாக வீழ்த்துவது குண்டு சென்று பதியும் இடம்; அந்த இடத்தைத் தவறாமல் தொடுவதற்கு ஆண்டுக்குச் சில நூறு தோட்டாக்களையாவது முகம் சுளிக்காமல் சுட்டுப் பழக வேண்டும்; அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கும் மிகப் பெரிய தோட்டா, பெரும்பாலானவர்களுக்கு, .44 மேக்னம்தான்.

தேர்வுக்கு முன் சட்டத்தைப் பாருங்கள். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவதைப் பல நாடுகள் முற்றிலும் தடை செய்திருக்கின்றன. அனுமதிக்கும் இடங்களிலும் எந்த விலங்குக்கு எந்தக் குறைந்தபட்சக் கேலிபர், எவ்வளவு குழல் நீளம், குண்டுக்கு எவ்வளவு ஆற்றல் என்று விதிகள் உண்டு. அமெரிக்காவில் இவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கலந்த தோட்டாவையே பயன்படுத்தக் கூடாது. நீங்கள் வேட்டையாடப் போகும் இடத்தின் விதிநூல் உங்கள் குழல் நீளத்தையும் குண்டின் வகையையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம் என்பதால், கடைக்குப் போவதற்கு முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது.

இனி தோட்டாக்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் .357 மேக்னம் 1935இல் வந்தது. 158 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 1,235 அடி வேகத்தில் செலுத்தி, 530 அடி-பவுண்டுக்குச் சற்று மேல் ஆற்றல் தருகிறது. நிதானமான கையும் குறைந்த தொலைவும் இருந்தால் அதனாலும் மானை வீழ்த்த முடியும். ஆனால் விலங்கு சற்றுத் திரும்பி நின்று, தோள் எலும்பைக் கடந்து குண்டு போக வேண்டியிருந்தால் அது போதாமல் போகலாம். .44 மேக்னம் இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே பிறந்தது எனலாம். எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் 1907இல் வந்த .44 ஸ்பெஷல் தோட்டாவில் கனத்த குண்டையும் மிகுந்த மருந்தையும் வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து, அதையே ஒரு நிறுவனம் தயாரிக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் தயாரிக்க, 1955இன் இறுதியில் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே ரூகர் நிறுவனமும் தன் பிளாக்ஹாக் ரிவால்வரை அதே தோட்டாவுக்கு அமைத்தது. பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிகளில் புதிய தோட்டா தவறிப்போய் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூட்டை (மருந்தும் குண்டும் அடங்கிய உலோக உறையை) எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள். பெயரில் .44 இருந்தாலும் குண்டின் உண்மையான விட்டம் .429 அங்குலம்தான். 240 கிரெய்ன் குண்டு 1,350 அடி வேகத்தில் கிளம்பும்போது ஆற்றல் 970 அடி-பவுண்டை ஒட்டி வருகிறது, அதாவது .357ஐவிட ஏறத்தாழ எண்பது விழுக்காடு அதிகம்.

நீட்டப்பட்ட அந்தக் கூடு உங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். ஸ்பெஷலின் உதைப்பு மேக்னத்தின் உதைப்பில் பாதிகூட இருக்காது. பயிற்சியின் பெரும் பகுதியை அதில் முடித்துவிட்டு, ஒவ்வோர் அமர்விலும் கடைசிச் சில சுற்றுகளை மட்டும் வேட்டைத் தோட்டாவில் சுடலாம். ஸ்பெஷலின் கூடு குட்டையானது என்பதால் தோட்டா அமரும் சிலிண்டர் அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரிவளையம் படியும். அதைத் துடைத்தெடுக்காமல் மேக்னம் தோட்டாவைத் திணித்தால் நுழைய மறுக்கும், சுட்ட கூடும் வெளியே வர மறுக்கும்.

.41 மேக்னத்தைப் பற்றியும் ஒரு சொல். 1964இல் வந்த அது தட்டையாகப் பறக்கும், உதைப்பும் சற்றுக் குறைவு. மானுக்கு எந்தக் குறையும் வைக்காது. ஆனால் கடைகளில் அதன் தோட்டா கிடைப்பது அரிது. தாமே தோட்டா நிரப்பிக்கொள்பவர்களுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைப்பேன்.

.45 கோல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நேரும் தவறு ஆளையே காயப்படுத்தும். 1873ஆம் ஆண்டு ராணுவ ரிவால்வரோடு புகழ்பெற்ற இந்தத் தோட்டாவுக்கு இன்றும் வகுக்கப்பட்டுள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு மட்டுமே; .44 மேக்னத்துக்கு அது 36,000. பழைய, மெல்லிய சுவர் கொண்ட துப்பாக்கிகளும் அவற்றின் நகல்களும் இன்னும் புழக்கத்தில் இருப்பதுதான் இந்த வரம்புக்குக் காரணம். ஆனால் ரூகர் பிளாக்ஹாக் போன்ற கனத்த சட்டகம் கொண்ட நவீன ரிவால்வரில் அதே கூட்டை இருமடங்கு அழுத்தத்துக்கு நிரப்பி, .44 மேக்னத்துக்கு இணையாக, கனத்த குண்டுகளில் சற்று மேலாகவும்கூடப் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய தோட்டாப் பெட்டிகளில் எந்தத் துப்பாக்கிகளுக்கு மட்டும் உரியவை என்று அச்சிட்டிருப்பார்கள். கூட்டின் அளவு ஒன்றே என்பதால் அவை பழைய வகைத் துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். நுழைந்தால் சிலிண்டர் வெடித்துப் பிளக்கக்கூடும். வீட்டில் இரு வகைத் துப்பாக்கியும் உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே .45 கோல்ட்டின் கனத்த தோட்டாக்களை வாங்காமல் இருப்பது அறிவுடைமை.

.454 கசூல், அந்த .45 கோல்ட் கூட்டை நீட்டி வலுப்படுத்திய வடிவம். டிக் கசூல் 1950களில் உருவாக்கிய இதற்கு முறையான ரிவால்வர் 1983இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனத்திடமிருந்துதான் வந்தது. உச்ச அழுத்தம் 65,000 பவுண்டு. 300 கிரெய்ன் குண்டை 1,600 அடிக்கும் மேலான வேகத்தில் செலுத்தி 1,750 அடி-பவுண்டைத் தொடுகிறது. அதில் .45 கோல்ட்டையும் சுடலாம் என்பது பெரும் வசதி. எல்க், மூஸ் போன்ற பெரிய மான் இனங்களையோ பெருங்கரடியையோ எதிர்கொள்ளும் பகுதிக்குச் செல்பவர் இதைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு 2001இல் வந்த .480 ரூகரும் நல்ல தேர்வு. 325 கிரெய்ன் குண்டை 1,350 அடி வேகத்தில் செலுத்தும் அது, கசூலின் கூர்மையான அடியைப் போலன்றிக் கையை மெதுவாகத் தள்ளுவது போன்ற உதைப்பைத் தருவது.

2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 400 கிரெய்ன் குண்டில் 2,500 அடி-பவுண்டை எட்டக்கூடியது. அதற்காகவே புதிதாக ஒரு சட்டகத்தை உருவாக்கினார்கள்; எட்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழலோடு அந்த ரிவால்வர் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது, சிலிண்டரில் ஐந்து தோட்டாக்களே அடங்கும். மானுக்கு இந்த ஆற்றலில் பாதிகூடத் தேவையில்லை. உங்களைப் போல .357இலிருந்து நேராக இதற்குத் தாவியவர்களில் பலர் முதல் பெட்டித் தோட்டாவை முடிப்பதற்குள்ளேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஒரு மாலையில் ஒட்டிக்கொள்ளும். கழற்ற ஓர் ஆண்டு ஆகும்.

உதைப்பைப் பற்றிப் பேசும்போது தோட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றின் எடை மற்றதில் பாதியானால், அது கைக்குத் தரும் உதைப்பாற்றல் இருமடங்கு. ஏழரை அங்குலக் குழல் கொண்ட ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. ஸ்காண்டியம் கலந்த உலோகத்தால் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 329 வரிசை ரிவால்வர் அதில் பாதிதான். இரண்டும் .44 மேக்னம். மலையேறும்போது இடுப்பில் உறுத்தாத இரண்டாவது துப்பாக்கி, சுடும்போது உள்ளங்கையைக் கிழிப்பது போல் இருக்கும். லேசான துப்பாக்கியில் இன்னொரு தொல்லையும் உண்டு: உதைப்பின் வேகத்தில் மற்ற அறைகளில் உள்ள தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து முன்னோக்கி நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சுழற்சியையே நிறுத்திவிடும். உங்கள் தேவைக்கு எடைதான் நண்பன். 1.3 கிலோவுக்குக் குறைந்த எதையும் எடுக்காதீர்கள்.

சுத்தியலை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து வைக்கும் ஒற்றைச் செயல் வகையா, விசையே சுத்தியலைத் தூக்கிவிடும் இரட்டைச் செயல் வகையா என்பது அடுத்த கேள்வி. வேட்டையிலும் துல்லியப் பயிற்சியிலும் இரண்டையுமே சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துத்தான் சுடுவோம் என்பதால், விசையின் மென்மையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பிடியில் இருக்கிறது. ஒற்றைச் செயல் வகையின் வளைந்த பிடி உதைப்பின்போது உள்ளங்கைக்குள் மேல்நோக்கிச் சுழலும். சிலருக்கு அது இதமாக இருக்கும், சிலருக்கு விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். அப்படி இடிபடுபவர்களுக்கு நேராக இறங்கும் பிஸ்லி பிடி நல்ல மாற்று. இரட்டைச் செயல் வகையில் அகன்ற ரப்பர் பிடியைப் பொருத்திக்கொண்டால் உதைப்பு நேராகப் பின்னுக்கு வரும். உங்கள் விரல் நீளத்தைப் பொறுத்த இந்த முடிவை எந்த எழுத்தும் உங்களுக்காக எடுத்துவிட முடியாது. இரண்டையும் இரவல் வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

ஒற்றைச் செயல் வகையில் பழைய துப்பாக்கி வாங்குவதாயின் ஓர் எச்சரிக்கை. ரூகர் நிறுவனம் 1973இல்தான் சுத்தியலுக்கும் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசிக்கும் இடையே இடைத்தகடு வைத்த புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தையவற்றில் சுத்தியல் ஊசியின்மீதே படிந்திருக்கும்; கீழே விழுந்தால் வெடிக்கலாம். அவற்றில் ஐந்து தோட்டாக்களை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேராக உள்ள அறையை வெறுமையாக விட்டே எடுத்துச் செல்ல வேண்டும்.

குழல் நீளத்தைப் பொறுத்தவரை, ஆறரை முதல் ஏழரை அங்குலம் போதும். ஓர் அங்குலம் கூடினால் வேகம் சற்றே கூடும். உண்மையான ஆதாயம் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தொலைவு நீள்வதுதான், ஏனெனில் அப்போது கை செய்யும் சிறு பிழையும் கண்ணுக்குத் தெரிகிறது. எஃகு உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டிகளில் பத்து அங்குலக் குழலை விரும்புபவர்கள் உண்டு. 1976இல் தொடங்கிய பன்னாட்டுக் கைத்துப்பாக்கி உலோக உருவச் சங்கத்தின் போட்டியில் கோழி 50 மீட்டர், பன்றி 100, வான்கோழி 150, செம்மறிக்கடா 200 மீட்டர் தொலைவில் நிற்கும். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் சாய வேண்டும். நாள் முழுதும் காட்டில் சுமந்து திரிய வேண்டிய வேட்டைக்காரருக்கு அந்த நீளம் பாரம்.

பார்வைக்குறியைத் திருத்திக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். கைத்துப்பாக்கியில் கனத்த குண்டு மெதுவாகக் குழலைக் கடப்பதால், அது வெளியேறுவதற்குள் உதைப்பு குழலை அதிகமாகத் தூக்கிவிடுகிறது. அதனால் 300 கிரெய்ன் குண்டு 240 கிரெய்னைவிட மேலே சென்று படும். நிலையான குறி வைத்த துப்பாக்கியில் இதைச் சரிசெய்ய வழியில்லை. நாற்பது வயதைக் கடந்த கண்களுக்கு முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது கடினம். அவர்கள் சிவப்புப் புள்ளிக் குறியையோ, கைத்துப்பாக்கிக்கென்றே செய்த இரு மடங்கு உருப்பெருக்கத் தொலைநோக்கியையோ பொருத்திக்கொள்ளலாம். ரைஃபிள் தொலைநோக்கி இதற்கு உதவாது. அதைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும், உதைப்பில் அது முகத்தைப் பிளக்கும். சூப்பர் ரெட்ஹாக்கின் சட்டகத்திலேயே தொலைநோக்கி வளையங்களுக்கான பள்ளங்கள் கடைந்திருப்பது அதை நான் முன்வைப்பதற்கு ஒரு காரணம்.

எவ்வளவு தொலைவு வரை சுடலாம் என்பதைத் துப்பாக்கியின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. 240 கிரெய்ன் குண்டை 50 கெஜத்துக்குப் பொருத்தி வைத்தால், 100 கெஜத்தில் அது ஐந்தாறு அங்குலம் தாழும். 150இல் ஒன்றரை அடிக்கும் மேல். 100 கெஜத்தில் மிஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ 600 அடி-பவுண்டுதான். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு அங்குல வட்டம் என்று கொண்டால், பதற்றத்துக்கு இரண்டு அங்குலம் விட்டுவிட்டு ஆறு அங்குலத் தட்டு ஒன்றை வையுங்கள். மேசையில் கையை ஊன்றாமல், உட்கார்ந்தோ மரத்தில் சாய்ந்தோ, சற்று நடந்து மூச்சு வாங்கிய பிறகு, முதல் ஐந்து குண்டுகளும் அந்தத் தட்டுக்குள் விழும் தொலைவு எதுவோ அதுவே உங்கள் வேட்டைத் தொலைவு. நாற்பது கெஜம்தான் என்றால் நாற்பது கெஜம். நான் முதல் பருவத்தில் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. எழுபது கெஜத்தில் நின்ற ஓர் ஆண் மானைச் சுடாமல் போகவிட்டதை இன்றும் சரியான முடிவாகவே கருதுகிறேன். வயிற்றில் காயம்பட்ட விலங்கு பல மணி நேரம் துடித்துச் சாகும். அந்தத் துடிப்புக்கு நாம் காரணமாகக் கூடாது என்ற எண்ணம் இல்லாதவர் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குள் செல்ல வேண்டியதில்லை.

குண்டைத் தேர்வது எளிது. மானுக்கு முனை குழிந்து, பட்டவுடன் விரியும் 240 கிரெய்ன் குண்டு. பெரிய காட்டுப்பன்றிக்கு முனை தட்டையான, கடினமான ஈயக் கலவையில் வார்த்த 250 முதல் 300 கிரெய்ன் குண்டு, ஏனென்றால் பன்றியின் தோள் தோலும் எலும்பும் விரியும் குண்டை வழியிலேயே நிறுத்திவிடலாம். ஈயம் தடைசெய்யப்பட்ட இடங்களில் முழுச்செம்புக் குண்டு நன்றாகவே வேலை செய்கிறது. வார்த்த குண்டைப் பயன்படுத்துபவர்கள் சிலிண்டர் அறைகளின் முன்வாய் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். அது குழலின் உள்விட்டத்தைவிடக் குறுகலாக இருந்தால் குண்டு இளைத்துப்போய்க் குழலுக்குள் ஈயம் படியும், துல்லியம் கெடும்.

காதுகளை மறவாதீர்கள். இந்தத் துப்பாக்கிகளின் ஓசை 160 டெசிபெலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடியும் நிரந்தரச் சேதம் செய்யும். பயிற்சியில் காதுக்குள் அடைப்பானும் வெளியே காதுமூடியும் சேர்த்து அணியுங்கள். காட்டில், மெல்லிய ஒலியைப் பெருக்கி வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடி இருக்கிறது. குழல்முனையில் துளைகள் இட்டு உதைப்பைக் குறைக்கும் அமைப்பு, ஓசையைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி இன்னும் கொடியதாக்குகிறது. வேட்டைத் துப்பாக்கியில் அது இல்லாமல் இருப்பதே நல்லது. அதுபோல, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடுக்கின் வழியே பாயும் வெப்பவாயு விரலைத் துண்டிக்கும் வலுவுள்ளது. துணைக்கையின் விரல் எதுவும் அந்த இடுக்கை ஒட்டியோ அதற்கு முன்னாலோ இருக்கக் கூடாது. ரைஃபிள் பிடிப்பதுபோல் முன்கையை நீட்டிப் பிடிப்பவர்களுக்குத்தான் இந்த விபத்து நேருகிறது.

விசையை இழுக்கும் கணத்தில் கை துள்ளும் பழக்கம் வந்துவிட்டதா என்பதை அறிய, நண்பர் ஒருவரிடம் சிலிண்டரை நிரப்பச் சொல்லுங்கள். சில அறைகளில் தோட்டாவும் சிலவற்றில் சுட்ட வெற்றுக்கூடுமாக, உங்களுக்குத் தெரியாத வரிசையில். வெற்றுக்கூட்டின்மேல் சுத்தியல் விழும்போது குழல்முனை தாழ்ந்தால் பழக்கம் வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு மேக்னத்தை மூடிவைத்துவிட்டு ஸ்பெஷலுக்குத் திரும்புங்கள். ஒரே அமர்வில் ஐம்பது மேக்னம் தோட்டாவுக்கு மேல் சுடுவதால் எந்த நன்மையும் இல்லை, முப்பதே போதும்.

பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குவதாயின், வெறுமையாக இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, உரிமையாளரின் அனுமதியோடு இவற்றைப் பாருங்கள். சுத்தியலை மெதுவாக இழுக்கும்போது அது பின்னால் பூட்டிக்கொள்வதற்கு முன்பே, ஒவ்வோர் அறையிலும், சிலிண்டர் தன் இடத்தில் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்தால் கையால் உணரும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுத் தகடால் பாருங்கள்: 0.004 முதல் 0.006 அங்குலம் நன்று, 0.010ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். குழலின் பின்வாயில் விரிசல் உண்டா என்றும், அதற்கு மேலே உள்ள சட்டகப் பட்டையை வாயு அரித்திருக்கிறதா என்றும் விளக்கடித்துப் பாருங்கள். லேசான அரிப்புக் கோடு பெரும்பாலான மேக்னம் துப்பாக்கிகளில் உண்டு, சிறிது தூரம் சென்று நின்றுவிடும். ஆழமான பள்ளம் என்றால் அது அளவுக்கு மீறிய தோட்டாக்களைச் சுட்ட துப்பாக்கி. இவை அனைத்தும் சரியாக இருந்து, விலையும் ஒத்துவந்தால், மேற்பரப்பில் உள்ள கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம், மிச்சமாகும் பணத்தில் .44 ஸ்பெஷல் தோட்டா வாங்குங்கள்.